அரை நாள் குழி வெட்ட மனமில்லை, நாலு தெருவுக்குத் தண்ணீர் இல்லை

செப்டம்பர் பிறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ரோடு வெட்டும் அனுமதியை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்து, வருடம் முழுக்கத் தூங்கிய வேலையெல்லாம் அந்த ஒரு மாதத்தில் சென்னைத் தெருக்களில் வந்து இறங்குகிறது. மழைநீர் வடிகாலுக்கு ஒருவர் வெட்டுகிறார், ஃபைபருக்கு இன்னொருவர், குடிநீர் இணைப்புக்கு வேறொருவர். ஒருவர் வெட்டுவது மற்றவருக்குத் தெரியாது. காலையில் கரண்ட் போகிறது, மாலையில் குழாயில் சாக்கடை வருகிறது. கேட்டால் "தெரியாம பட்டுடுச்சு சார்" என்கிறார்கள்.

தெரியாமல் பட்டது என்ற அந்தச் சொல்தான் ஆத்திரமூட்டுகிறது. மண்ணுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் ஜேசிபியை இறக்கினால் எதையாவது அறுக்கும் என்பது வேலை கொடுத்தவருக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். தெரிந்தே செய்வதற்கு விபத்து என்று பெயர் வைக்காதீர்கள்.

வண்டி ஓட்டுபவரைத் திட்டுவதையும் நிறுத்துங்கள். மணி வாடகைக்கு வந்தவர் அவர். கையில் வரைபடம் கிடையாது, தரையில் பெயின்ட் குறி கிடையாது, பக்கத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. பக்கெட்டின் பல் டன் கணக்கான விசையோடு இழுக்கிறது. அந்த விசைக்கு 11 கே.வி. கேபிளும் வாழைநாரும் ஒன்றுதான். லீவரைப் பிடித்திருக்கும் கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கேபிள் அறுந்த பிறகுதான் தெரியும், சில சமயம் நெருப்பாக. அவரை அந்தச் சீட்டில் அப்படி உட்கார வைத்தவர்களைக் கேளுங்கள்.

இதைத் தடுக்கப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். சோதனைக் குழி போதும். டிரையல் பிட் என்று சைட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான். இரண்டு ஆள், அரை நாள், மண்வெட்டி, கூடை. ஆனால் அதையும் தப்பாக வெட்டுகிறார்கள். குழாயும் கேபிளும் பெரும்பாலும் சாலையின் நீளவாக்கில் ஓடும். குழியையும் நீளவாக்கில் வெட்டினால் ஒரு சாண் தள்ளி ஓடும் கேபிள் கண்ணில் படாமலே போகும். குழி சாலைக்குக் குறுக்கே போக வேண்டும். அகலம் 60 செ.மீ. போதும். நீளம், நீங்கள் வெட்டப்போகும் பள்ளத்தின் அகலத்துக்கு மேல் இரண்டு பக்கமும் அரை மீட்டர் கூடுதல். ஆழம், போகப்போகும் ஆழம் வரை. 1.5 மீட்டருக்கு மேல் போனால் பலகை முட்டுக் கொடுக்காமல் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, ஒவ்வொரு முச்சந்தியிலும் ஒன்று, டிரான்ஸ்ஃபார்மர், பில்லர் பாக்ஸ், மேன்ஹோல், வால்வு சேம்பர் எதிரே கட்டாயம் ஒன்று. நேர்ச் சாலையில் 20 மீட்டருக்கு ஒன்று வெட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

குழி வெட்டும்போது கண் திறந்திருக்க வேண்டும். சுற்றியிருக்கும் களிமண்ணுக்கு நடுவே திடீரென்று சுத்தமான மணல் வந்தால் நிறுத்துங்கள். கேபிளுக்கு விரித்த மணல் மெத்தை அது. வரிசையாகச் செங்கல் வந்தால் அடியில் கேபிள் இருக்கிறது என்று பொருள். அந்தச் செங்கல்லைக் கடப்பாறையால் நெம்பி உடைத்துவிட்டு மேலே தோண்டுகிறவர்களை என்னவென்று சொல்வது! எச்சரிக்கை டேப் வந்தால், ஒழுங்காகப் புதைத்த லைனாக இருந்தால் டேப்புக்குச் சுமார் 30 செ.மீ. கீழே லைன் கிடக்கும். ஒழுங்காகப் புதைக்காதவர்கள் டேப்பைக் குழாய் மேலேயே சுற்றி வைத்திருப்பார்கள். டேப் கண்ணில் படுவதற்குள் பல் குழாயில் இறங்கியிருக்கும்.

இந்தக் கடப்பாறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லைன் இருக்கும் என்று சந்தேகப்படும் இடத்தில் கடப்பாறையைச் செங்குத்தாகக் குத்துவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. மொத்த வேகமும் ஒரு முனையில் இறங்குகிறது, பிடித்திருப்பதோ வெறுங்கை. தார் அடுக்கை உடைக்கும் வரை பிரேக்கரோ கடப்பாறையோ இருக்கட்டும், அதற்குக் கீழே மண்வெட்டிதான். லைனுக்கு நேர் மேலே தோண்டாமல் பக்கத்தில் இறங்கி, பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிக்கொண்டு நெருங்க வேண்டும். லைன் தெரிந்த இடத்திலிருந்து இரண்டு பக்கமும் அரை மீட்டருக்குள் இயந்திரம் வரவே கூடாது.

"நாங்க ரெண்டடிதான் வெட்டுறோம், கேபிள் மூணடிக்குக் கீழ இருக்கும்" என்று ஒரு கணக்கு சொல்வார்கள். புத்தகத்தில் இருக்கிறது, உண்மைதான். ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரப்படி எல்.டி. எனும் தாழ்வழுத்த மின்கேபிளுக்கு 75 செ.மீ., 11 கே.வி.க்கு 90 செ.மீ., 33 கே.வி.க்கு 1.05 மீட்டர், சாலையைக் கடக்கும் இடத்தில் 1 மீட்டர். பி.எஸ்.என்.எல். நெடுந்தூர ஃபைபருக்கு 1.65 மீட்டர். ஆனால் அந்த ஆழம் கேபிள் புதைத்த அன்றைக்கு உரியது. பிறகு சாலையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டிருக்கலாம், நடைபாதையை இறக்கியிருக்கலாம். குறுக்கே பழைய வடிகால் வந்ததால் புதைத்தவரே கேபிளை மேலே தூக்கி வளைத்து ஒரு அடி ஆழத்தில் கொண்டுபோயிருக்கலாம். பாறை வந்த இடத்தில் "இது போதும்" என்று மூடியிருக்கலாம். வீட்டு இணைப்புகளுக்கோ ஆழமே கிடையாது. மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் பல தெருக்களில் ஒரு முழத்தில் கிடக்கிறது. ஆழத்தை நம்பி இயந்திரத்தை இறக்காதீர்கள். கண்ணால் பார்த்தது மட்டும்தான் ஆழம்.

மண்ணுக்கு அடியில் ஓடும் லைனைத் தேடும் லொக்கேட்டர் கருவி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அதைப் பயன்படுத்தும் விதத்தைப் பார்த்தால் இல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. கருவியைப் பவர் மோடில் வைத்துத் தெருவில் ஒரு நடை நடந்து, சத்தம் வரவில்லை, கிளியர் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பவர் மோடு பிடிப்பது 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தால் எழும் காந்தப்புலத்தை. மின்னோட்டம் இல்லையென்றால் சத்தமும் இல்லை. தெருவிளக்குக் கேபிளில் பகலில் கரண்ட் ஓடாது, நீங்கள் நடப்பதோ பகலில்! மூன்று பேஸிலும் சமமாக லோடு இருக்கும் கேபிளில் புலம் ஒன்றையொன்று அழித்துவிடும், அதுவும் கேட்காது. பிளாஸ்டிக் குழாய் எந்த மோடிலும் கேட்காது, கருவிக்குக் கேட்பதற்காகக் கூடவே டிரேசர் கம்பி என்ற உலோகக் கம்பி போட்டிருந்தால் தவிர. ஆகவே உலோக லைனில் ஏறிவரும் ரேடியோ அலையைப் பிடிக்கும் ரேடியோ மோடிலும் நடக்க வேண்டும், சிக்னல் ஜெனரேட்டரை வைத்து லைனில் சிக்னல் ஏற்றியும் தேட வேண்டும், நீளவாக்கிலும் குறுக்கிலும் கட்டம் கட்டமாக. மண்ணுக்குள் அலை அனுப்பிப் பார்க்கும் ஜி.பி.ஆர். ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும் என்பது சரி. ஆனால் ஈரக் களிமண்ணிலும் உப்புநீர் ஏறிய கடலோர மண்ணிலும் அதன் அலை உள்ளே போவதற்குள் செத்துவிடும். சென்னையில் பல இடங்களின் மண் அப்படித்தான். கருவி எங்கே குழி வெட்டலாம் என்று கைகாட்டும், அவ்வளவே. குழி வெட்டாமல் கருவியை மட்டும் நம்புவது வேலை ஆகாது.

அடுத்தது ஹெச்.டி.டி. என்ற கிடைமட்டத் துளைப்பு. சாலையைக் கிழிக்காமல் அடியில் துளைத்துப் போகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சாலைக்கு நல்லதுதான், அடியில் இருப்பதற்கு? கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் டிராக்கர் துளைப்பான் தலை எங்கே போகிறது என்று மட்டும் காட்டும். எதிரே குழாய் இருப்பதைக் காட்டாது. முதல் துளை குழாயை ஒட்டித் தப்பிப் போய்விடும், பிறகு அதை அகலப்படுத்த ரீமரை இழுப்பார்கள். 110 மி.மீ. குழாய்க்கு ரீமர் சுமார் ஒன்றரை மடங்கு, அதாவது 165 மி.மீ. முதல் துளை விட்டுவைத்ததை ரீமர் பிடித்துக்கொள்ளும். துளை வேறொரு லைனைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் கையால் குழி வெட்டி, அந்தக் குழியைத் திறந்தே வைத்து, தலை கடக்கும்போது ஒரு முறையும் ரீமர் கடக்கும்போது மறு முறையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொரு ஆபத்து, பதிக்கும் புதுக் குழாய் பாதாளச் சாக்கடைக் குழாயைத் துளைத்து உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து அடைப்பு எடுக்க ஜெட் மிஷினை விடும்போது அந்தப் புதுக் குழாய் உடையும். அது எரிவாயுக் குழாயாக இருந்தால், வாயு சாக்கடை வழியாக நேராகக் கழிவறைக்குள் வந்து நிற்கும். துளைத்து முடித்ததும் பக்கத்துச் சாக்கடை லைனில் கேமராவை விட்டுப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது, பட்டதை மறைத்து மூடுவது. குடிநீர்க் குழாய் உடைந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, மேலே பாலித்தீன் பையைப் போட்டு மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள். நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வராத நேரத்தில் குழாய் காலி. அந்த நேரத்தில் நாலு வீட்டில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், டியூப் கட்டிய ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் அழுக்குநீர்தான் உள்ளே வரும். பக்கத்திலேயே சாக்கடையும் ஒழுகினால் அந்தத் தெருக் குழந்தைகளின் வாந்திபேதிக்குக் காரணம் அந்த சைக்கிள் டியூப்.

மின்கேபிளில் சின்னக் கீறல் விழுந்தால் அன்றைக்குக் கரண்ட் போகாது. மேலுறை கிழிந்த இடத்தில் ஈரம் இறங்கும். மழை பெய்து தெருவில் தண்ணீர் நிற்கும் நவம்பரில், நடுராத்திரியில் வெடிக்கும். அப்போது அறுத்தவர் எங்கே? பில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில் ஃபால்ட் தேடுபவர் ஈ.பி. ஊழியர். கீறிய அன்றே சொல்லியிருந்தால் காய்ந்த மண்ணில் ஒரு ஜாயின்டோடு முடிந்திருக்கும். ஃபைபரும் இப்படித்தான். பக்கெட் இழுத்தால் அறுந்த இடத்தில் மட்டும் சேதம் நிற்காது, இரண்டு பக்கமும் சில மீட்டருக்கு உள்ளே இழை இழுபட்டிருக்கும். உபரி நீளம் விட்டுவைக்காத இடத்தில் நடுவே புதுத் துண்டு போட்டு ஒரு ஜாயின்டுக்கு இரண்டு ஜாயின்டு அடிக்க வேண்டும்.

பெல்ஜியத்தின் கிலாங்கியெனில் 2004 ஜூலை 30 அன்று உயரழுத்த எரிவாயுக் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். அதற்கு முன்பே நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் அந்தக் குழாயைக் கீறியிருந்தது. கீறல் சரிசெய்யப்படாமலே மண்ணுக்குள் கிடந்தது. கீறினோம் என்று சொல்வதற்கு எத்தனை உயிரின் மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள்.

இங்கேயும் வீடுகளுக்குக் குழாய் எரிவாயு வரத் தொடங்கிவிட்டது. அந்த பிளாஸ்டிக் குழாய் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் வருகிறது. ஃபைபர் கேபிள் ஓடும் டக்ட் குழாயும் ஆரஞ்சில் உண்டு. நிறத்தைப் பார்த்து "நெட் பைப்புதான்" என்று வெட்டாதீர்கள். எரிவாயுக் குழாயில் பட்டுவிட்டால் இன்ஜினை அணைத்து, சாவியைக்கூட எடுக்க நிற்காமல் இறங்கி விலகுங்கள். சிகரெட், செல்போன், சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். காற்றடிக்கும் திசைக்கு எதிரே ஆட்களை நகர்த்துங்கள், தூரம் போய், குழாய் வழியில் நட்டிருக்கும் மார்க்கரில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் 101-க்கும் சொல்லுங்கள். குழாயை மடக்கிக் கட்டாதீர்கள். மண்ணைப் போட்டு மூடவே மூடாதீர்கள். தாருக்கு அடியில் மேலேற வழியில்லாத வாயு பக்கவாட்டில் நகர்ந்து வீட்டுக்குள் போகும். தீப்பிடித்து எரிந்தால் நீங்கள் அணைக்க வேண்டாம், வால்வை மூடுவது குழாய்க்காரர் வேலை. மின்கேபிளில் பட்டால் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, மற்றவர்கள் வண்டியைத் தொடக் கூடாது. முடிந்தால் பக்கெட்டை விலக்க வேண்டும், இல்லையென்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987-க்குச் சொல்லி லைனை நிறுத்தும் வரை அங்கேயே உட்கார வேண்டும். வண்டி பற்றி எரிந்தால் மட்டும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமலே நகர்ந்து விலக வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 மார்ச் 22 அன்று 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. ஒருங்கிணைப்பில்லாத தோண்டலால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. தோண்டப்போகிற இடத்தைப் பதிந்தால் அங்கே லைன் வைத்திருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் போகும், அவர்களை அழைத்துப் பேசவும் முடியும். அதற்குச் சற்று முன்பே, தோண்டுவதற்கு முன் பொதுத்தளத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று தந்தி உள்கட்டமைப்புப் பாதுகாப்பு விதிகளும் வந்துவிட்டன. எத்தனை இளநிலைப் பொறியாளர்கள் (ஜே.இ.) அந்தப் பதிவு எண்ணைக் கேட்டுவிட்டு ரோடு கட் அனுமதி கொடுக்கிறார்கள்? அனுமதிப் படிவத்தில் அந்த எண்ணுக்கு ஒரு கட்டம் வையுங்கள். காலியாக இருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

டெண்டரை எடுத்துப் பாருங்கள், நோயின் வேர் அங்கே இருக்கிறது. மண் வெட்ட கனமீட்டருக்கு இவ்வளவு, குழாய் பதிக்க ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு, தார் போட இவ்வளவு. சோதனைக் குழிக்கு ஒரு வரி கிடையாது. காசு வராத வேலையை எந்த மேஸ்திரி செய்வார்? குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி ஐட்டமாகப் போடுங்கள், எண்ணிக்கையையும் எழுதுங்கள், அளவெடுத்துப் பணம் கொடுங்கள். அறுத்துவிட்டேன் என்று அன்றைக்கே சொல்பவரிடம் ரிப்பேர் செலவை மட்டும் வாங்குங்கள், மறைத்து மூடியவரிடம் பல மடங்கு வாங்குங்கள். இப்போது நடப்பது தலைகீழ். சொன்னவர் மாட்டிக்கொள்கிறார், மூடியவர் தப்பிக்கிறார்.

பள்ளத்தை மூடுவதற்கு முன் அளவுகோலை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்லுங்கள். லைனின் தூரத்தைச் சாலை ஓரத்திலிருந்து அளக்காதீர்கள், சாலை ஓரம் அடுத்த வருடம் நகர்ந்துவிடும். காம்பவுண்டு சுவர் மூலையிலிருந்தும் மேன்ஹோல் மூடியின் நடுவிலிருந்தும் அளந்து எழுதுங்கள். அந்த வரைபடம் கைக்கு வராமல் கடைசி பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், அடுத்த செப்டம்பரில் அதே இடத்தில் அந்த லைன் அறுபடும்போது, ஜேசிபி ஓட்டுபவரின் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரைத்தான் நாங்கள் கேட்போம்.