ஆண்டறிக்கை மட்டும் போதாது
வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய விவசாயக் கல்வியின் ஆரம்ப வரலாற்றை, ஆண்டறிக்கைகளையும் படங்களையும் ஸ்கேன் செய்தாலே காப்பாற்றிவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆண்டறிக்கையில் இருப்பது முடிவு மட்டும்தான். எந்த வரவையில் (வயல் துண்டில்) என்ன நெல் இனம் விதைத்தார்கள், எப்போது நீர் பாய்ச்சினார்கள், எது வெள்ளத்தில் போனது என்பதெல்லாம் வயற்குறிப்பேடுகளிலும் மழைப்பதிவேடுகளிலும்தான் கிடக்கும். அவற்றை நாட்காட்டி ஆண்டுப்படி பிரித்து அடுக்குவதுதான் பெரிய பிழை. பெரும்போகம் என்ற மாரிகாலப் பயிர்ச்செய்கை ஒரு வருடத்தில் விதைத்து மறு வருடத்தில் அறுப்பது, ஆகவே 1981/82 என்று ஒரே உறையில் இருக்க வேண்டும். பிரித்தால் விதைப்பு ஓரிடம், விளைச்சல் வேறிடம். விளைச்சலை அளந்த பழைய புசல் கணக்கையும் மாற்றி எழுதக்கூடாது. ஒரு புசல் நெல் சுமார் 20.9 கிலோ, ஏக்கருக்கு 1 புசல் என்றால் ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 51.6 கிலோ, அதைப் பக்கத்தில் தனியாகக் குறித்தால் போதும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் பழைய தாள்களை லமினேட் செய்யச் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து வேண்டாம்! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க முடியாது. நம் கரையோர ஈரப்பதத்தில் முதல் வேலை துருப்பிடித்த ஸ்டேப்பிள்களைக் கழற்றுவது: பின்பக்க முனைகளை நிமிர்த்திவிட்டு எடுக்க வேண்டும், இழுத்தால் தாளோடு வரும். பூச்சி இருந்தால் பொலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி, உறைநிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே கட்டைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் படியும். ஸ்கேன் பிறகுதான், அதுவும் நிறத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய பென்சில் எழுத்து காணாமல் போய்விடும்.