ஆறு கொம்பும் ஒன்றரை அடிச் சுவரும்

போன வாரம் ஒரு நண்பர் உள்பெட்டியில் ஒரு ரவுட்டரின் படத்தை அனுப்பியிருந்தார். எட்டு ஆன்டெனா. மல்லாக்கப் போட்ட சிலந்தி மாதிரி இருந்தது. “இதை வாங்கினால் மாடி அறைக்குச் சிக்னல் வருமா?” என்று கேட்டிருந்தார். வாங்காதீர்கள் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். காரணம் கேட்டார். அது ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். இதே காரியத்துக்கு நான் ஏற்கெனவே 6,200 ரூபாயைத் தொலைத்தவன். அந்தப் பணத்துக்கு ஒரு பதிவாவது மிஞ்சட்டும்.

எங்கள் வீடு கும்பகோணத்தில். தஞ்சைப் பக்கத்துப் பழைய தெருவீடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அகலம் 20 அடி, நீளம் 110 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, அதற்கும் பின்னால் கொல்லை அறை என்று ரயில்பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். குறுக்குச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. ஒன்றரை அடி கனம். வெயில் உள்ளே வரக் கூடாது என்று தாத்தா காலத்தில் எழுப்பிய சுவர்கள். வெயிலுக்கே வழிவிடாதவை வைஃபைக்கு விடுமா?

இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர் கண்ணாடி இழைக் கேபிளை வாசல் வழியாக இழுத்துவந்து, ரேழியில், மின்சார மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார். (அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஊரே மோடம் என்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன்.) அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளில் எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, கேபிள் நுழைந்த இடத்திலேயே வேலையை முடிக்கத்தான் பார்ப்பார். ஆனால் எங்கள் வீட்டு இணையத்தின் தலையெழுத்தை எழுதியது அந்த ஆணிதான்.

மகள் கொல்லை அறையில் இருந்துதான் அலுவலக வேலை பார்க்கிறாள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது திரையில் அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடும். “அப்பா, மறுபடியும் போய்விட்டது” என்ற குரல் ஒரு நாளைக்கு நான்கு முறையாவது வரும். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துத் தூண் ஓரம் போய் உட்காருவாள். வெயில் ஏற ஏற அடுத்த தூணுக்கு நகர்வாள். பதினொரு மணிக்கு மேல் தூண் நிழலும் போய்விடும்.

கடைக்குப் போனேன். “வீடு எத்தனை சதுர அடி சார்?” என்று கேட்டார்கள். 2,200 என்றேன். “அப்படியானால் இதுதான்” என்று ஆறு ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சதுர அடியைக் கேட்டவர்கள் நடுவில் எத்தனை சுவர் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. 2,200 சதுர அடிக் கல்யாண மண்டபமும் எங்கள் வீடும் அட்டைப்பெட்டியில் அச்சடித்த பரப்பளவுக்கு ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மோடத்துக்குக் கீழே இன்னோர் ஆணி அடித்து மாட்டினேன். ஆறு கொம்புகளையும் கொல்லை அறையைப் பார்த்து, பீரங்கி வரிசைபோலச் சாய்த்து வைத்தேன். கொல்லை அறையில் முன்பு 3 எம்பிபிஎஸ் வேகம் வந்துகொண்டிருந்தது. இப்போது 4 வந்தது. நான் மாதாமாதம் பணம் கட்டுவது 100க்கு.

அதன் பிறகுதான் அளக்கத் தொடங்கினேன். அதை முதலில் செய்திருக்க வேண்டும். வைஃபையின் வலுவைக் காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிக்கு நிறைய இருக்கின்றன. அவை டெசிபல் கணக்கில், கழித்தல் குறியோடு ஓர் எண்ணைக் காட்டும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அமர்க்களம், 67 வரை காணொளிக் கூட்டத்துக்குத் தாங்கும், 80ஐத் தாண்டினால் இருந்தும் இல்லாததுபோலத்தான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு சாமி ஊர்வலம்போல வீடு முழுக்க நடந்தேன். ரேழியில் மைனஸ் 48. கூடத்தில் 60. முற்றம் திறந்தவெளி என்பதால் அங்கே பெரிதாக இறங்கவில்லை, 64. இரண்டாம் கட்டுச் சுவரைத் தாண்டியதும் ஒரே வீழ்ச்சியாக 76. கொல்லை அறையில் 84. இந்தக் கணக்கில் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வலு பத்தில் ஒரு பங்காகிவிடும். 48க்கும் 84க்கும் நடுவே இருப்பது 36. அதாவது ரேழியில் கிடைக்கும் வலுவில் கொல்லைக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கு. கடைக்காரர் இன்னும் நான்கு ஆன்டெனா சேர்த்துக் கொடுத்திருந்தாலும் அந்த நாலாயிரத்தை ஈடுகட்டியிருக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் இரண்டு தெரு தள்ளி நம் வீட்டில் கேட்கும். நாம் வீட்டில் இருந்து பதில் சொன்னால் கோயிலில் கேட்குமா? ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் நம் கைப்பேசியின் குரல் அதே சின்னக் குரல்தான். பேட்டரியில் ஓடும் கருவி அதற்கு மேல் கத்த முடியாது. இணையம் என்பது இரண்டு பக்கமும் பேசுவது. திரையில் சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை என்று புலம்புகிறோமே, பல சமயம் சங்கதி இதுதான்.

கொம்புகளைப் பீரங்கிபோலச் சாய்த்தேன் என்றேன் அல்லவா, அது படித்தவன் செய்யும் பிழை. சாதாரண ரவுட்டரின் குச்சி ஆன்டெனாவில் இருந்து அலை பரவும் வடிவத்துக்கு உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடையின் ஓட்டையில் குச்சி நிற்கிறது. அலை சுற்றிலும் பக்கவாட்டில் பரவும். குச்சியின் நுனி நீட்டிய திசையில்தான் மிகக் குறைவு. நான் ஆறு நுனியையும் மகளைப் பார்த்து நீட்டி வைத்திருந்தேன். ஒரே தளம் என்றால் குச்சிகள் நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றிரண்டைப் படுக்க வையுங்கள்.

இனி நான் கடைசியில் செய்ததைச் சொல்கிறேன். மின்வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டு, ரேழி மோடத்தில் இருந்து இரண்டாம் கட்டு வரை கேட் 6 என்ற இணையக் கேபிளை இழுத்தேன். 26 மீட்டர் பிடித்தது. இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தை, அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்தைச் சுமக்கும். எந்தச் சுவரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஒன்றரை அடிச் சுவரில் நீளத் துளைப்பான் ஊசி வைத்து இரண்டு இடத்தில் ஓட்டை போட்டோம். செம்மண் நிறத்தில் பொடி கொட்டியது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு அரை நாள் என்னிடம் பேசவில்லை. முற்றத்தின் ஓரமாகப் போகும் பகுதியை மட்டும் பிவிசி குழாய்க்குள் விட்டோம். வெயில் ஒரு காரணம், எங்கள் வீட்டு அணில்கள் இன்னொரு காரணம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது விலை குறைவு. ஆனால் வளைத்தால் ஒடியும், தூரம் கூடினால் தடுமாறும்.

அந்தக் கேபிளின் மறுமுனையில், இரண்டாம் கட்டில், அதே ஆறு கொம்பு ரவுட்டரை மாட்டினேன். ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (தனி வலை அமைக்காமல், மோடத்தின் வலையையே நீட்டிக் கொடுக்கும் முறை) மாற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாற்றாவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலை உருவாகி, போனில் இருப்பதைத் தொலைக்காட்சியில் போட முடியாமல் விழிப்பீர்கள். மோடத்தின் வைஃபை, ரவுட்டரின் வைஃபை இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்துவிட்டால், நாம் நடக்க நடக்க போன் தானாக மாறிக்கொள்ளும். சில பழைய போன்கள் முதலில் பிடித்ததை விடாமல் தொங்கும். அவற்றின் வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும். கொல்லை அறையில் இப்போது மைனஸ் 57. வேகம் 90க்கு மேல். கேபிள், குழாய், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். ரவுட்டரை வாங்காமல், அலமாரியில் தூங்கிய பழைய ரவுட்டரையே இதற்கு வைத்திருந்தாலும் 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஓரளவு ஈடுகொடுத்திருக்கும். அதை நினைத்தால்தான் எரிச்சல்.

நடுவில் ரிப்பீட்டர் ஒன்றையும் முயன்று பார்த்தேன், பிளக்கில் செருகும் சின்னப் பெட்டி. அதைப் பலரும் சிக்னல் கிடைக்காத அறையிலேயே செருகுகிறார்கள். கிடைக்காததை அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்? பாதி வழியில், இன்னும் நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் கேட்டு, அதையே திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். வாட்ஸ்அப் பார்க்கப் போதும். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டி சேர்த்து விற்பது இதைவிட மேலான ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டிகளும் ஒன்றோடொன்று காற்றில்தான் பேசிக்கொள்கின்றன என்றால் நடுவில் நிற்பது அதே சுவர்தான். கேபிளால் இணைத்தால் மெஷ் அருமையாக வேலை செய்யும். வாடகை வீடு, ஓட்டை போடக் கூடாது என்பவர்களுக்குத் தட்டைக் கேபிள் கிடைக்கிறது. கதவிடுக்கு வழியாகத் தரையோரம் விட்டுவிடலாம். அழகாக இருக்காதுதான்.

புது ரவுட்டர் வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் அட்டைப்பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏஎக்ஸ் 3000 என்றால், வைஃபை பேசும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டிச் சொல்கிறார்கள். எந்தப் போனும் இரண்டிலும் சேர்ந்தாற்போல அந்த வேகத்தை எடுக்கப் போவதில்லை. அந்த 2402கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தில் பேசத் தெரிந்த கருவிக்குத்தான். நிறையப் போன்கள் 80இல் நின்றுவிடுகின்றன. அவற்றுக்குத் தாளில் பாதி, கையில் அதைவிடக் குறைவு. நான் பார்ப்பது பெட்டியின் பின்பக்கத்தை. கேபிள் செருகும் துளைகள் கிகாபிட்டா, வெறும் 100தானா? மலிவு ரவுட்டர் பலவற்றில் 100தான். அதைக் கொண்டுபோய் 300 எம்பிபிஎஸ் இணைப்பில் மாட்டிவிட்டு நிறுவனத்தைத் திட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டு அலைவரிசையும் இருக்க வேண்டும், வைஃபை 6 தலைமுறை என்றால் நல்லது. வைஃபை 7க்குப் பணம் கொட்டுவதற்கு முன் வீட்டில் உள்ள எத்தனை கருவிக்கு அது தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பூஜ்யம்.

அக்கம்பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் இன்னொரு தலைவலி. என் போனில் எண்ணினால் 17 வைஃபை பெயர் தெரிகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் நம் நாட்டில் 2005இல் இருந்து உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தக்கூடியது. ஆகவே எல்லோரும் அதில்தான். ப்ளூடூத்தும் அதில், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதில். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள், அதாவது தடங்கள், 1, 6, 11 என்று மூன்றே. புத்திசாலித்தனமாக 3ஐயோ 4ஐயோ தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்துக்காரர்களோடும் இடித்துக்கொள்வீர்கள். சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டும், மெதுவாக ஓடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் களைத்துவிடும். எனவே தொலைக்காட்சியும் மடிக்கணினியும் 5இல், வாசல் கேமராவும் கொல்லைப்புற மோட்டாரின் சுவிட்சும் 2.4இல்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. நடுவில், மார்பு உயரத்துக்கு மேல், திறந்தபடி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது கண்ணுக்கு உறுத்துகிறது என்று அம்மா ஒரு நாள் எஃகு பீரோவுக்குப் பின்னால் நகர்த்திவிட்டார். கொல்லையில் இருந்து மறுபடியும் “அப்பா!” கேட்டது. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி, இவை எதன் பின்னாலும் ரவுட்டரை ஒளிக்காதீர்கள். தொலைக்காட்சிக்குப் பின்னாலும்தான். ரவுட்டர் அழகுப்பொருள் இல்லை. ஆனால் மின்விசிறியும் அழகுப்பொருள் இல்லைதான், அதை நாம் பீரோவுக்குள் வைப்பதில்லை.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் சின்ன பேட்டரிப் பெட்டி ஒன்று மோடத்துக்கும் ஒன்று ரவுட்டருக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். வாங்கும்போது அடாப்டரில் 1 ஆம்பியரா 2 ஆம்பியரா என்று பார்த்து வாங்குங்கள். ஒன்று மட்டும் வாங்கி மோடத்தை மட்டும் ஓடவிட்டுவிட்டு ரவுட்டரை மறந்த கதையும் என்னிடம் உண்டு, அது இன்னொரு நாளைக்கு.

உள்பெட்டி நண்பருக்கு இவ்வளவையும் சுருக்கி, “ஆன்டெனாவை விடுங்கள், கீழே மோடம் இருக்கும் இடத்துக்கும் மாடி அறைக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதினேன். நேற்று இரவு பதில் வந்தது. கான்கிரீட் தளம் ஒன்று, செங்கல் சுவர் இரண்டு. படிக்கட்டு ஓரமாகப் பழைய கேபிள் டிவிக்காகப் பதித்த குழாய் ஒன்று மாடி வரை போகிறதாம், உள்ளே காலியாம். கயிறு விட்டு அளந்து பார்த்திருக்கிறார். 14 மீட்டர்.