நோட்டோடு வருகிறோம்

தன்னார்வக் குழுக்கள் குறை சொல்வதோடு நின்றுவிடுகின்றன என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் குழுவின் அனுபவம் வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்ததும் வீடு வீடாகப் போய், சுவரில் சேறு விட்டுப்போன கோட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதினோம். ஒரு பாட்டி வீட்டில் அந்தக் கோடு சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனால், "1913-க்கு போன் பண்ணீங்களா?" என்று மாநகராட்சியின் புகார் எண்ணைச் சொல்லிக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு இளம் பொறியாளர்தான் அதைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, எங்களோடு தெருத்தெருவாக நடந்தார். மழைநீர் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் பழையபடி. ஆளை நம்பியே ஓடுகிற உறவு இப்படித்தான் அறுந்துபோகிறது.

சரி, சட்டத்தில் வழி இல்லையா? 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு விஷயங்களைக் கவனிக்க வார்டு குழு வேண்டும் என்று 74-வது அரசியலமைப்புத் திருத்தமே சொல்கிறது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் 2022-லேயே விதிகள் வந்துவிட்டன. அந்தக் கூட்டம் என்றைக்கு, எங்கே என்று ரேஷன் கடைச் சுவரில் மாநகராட்சி ஒரு தாள் ஒட்டட்டும், நாங்கள் நோட்டோடு வருகிறோம்.