வாழைத்தண்டுச் சாறு பூனையின் கல்லைக் கரைக்காது

"பூனைக்கு அடிக்கடி சிறுநீர் அடைக்கிறதா? வாழைத்தண்டுச் சாறு கொடுங்கள், கல் கரைந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு, ஆதாரம் இல்லை.

பூனைகளுக்கு அதிகம் வருவது இரண்டு வகைக் கற்கள். ஸ்ட்ரூவைட் கல், மருத்துவர் எழுதித்தரும் சிறப்பு உணவிலேயே பெரும்பாலும் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரையாது, வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம், பல இளம் பூனைகளுக்குக் கல்லே இருக்காது. மன அழுத்தத்தால் தூண்டப்படும் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கும். அதனால் முதலில் பரிசோதனை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது, பூனையின் உடலுக்குள் போகும் தண்ணீரைக் கூட்டுவது. அதற்கு ஈர உணவு உதவும். உலர் உணவில் ஈரம் சுமார் 10%தான். ஈர உணவில் 75%க்கு மேல்.

ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையா? தயவுசெய்து சாறு அரைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும்.