லெய்காவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

டிஜிட்டலில் பல வருஷம் படமெடுத்துவிட்டு ஃபிலிம் பக்கம் வர நினைக்கும் நண்பர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: “ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கணும், லெய்கா கட்டுப்படியாகாது. வேற எது?” ரேஞ்ச்ஃபைண்டர் என்பது லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா; லெய்கா அதில் பேர்போன, விலை கூடிய ஜெர்மன் பெயர். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1970களில் ஜப்பானில் செய்த, லென்ஸ் கழற்ற முடியாத, பேட்டரி செத்தாலும் எல்லா ஷட்டர் வேகத்திலும் ஓடுகிற கேமரா ஒன்றை நல்ல நிலையில் வாங்குங்கள். கிடைத்தால் கேனனெட் க்யூஎல்17 ஜி-III. மிச்சப் பணம் முழுவதும் ஃபிலிமுக்குப் போகட்டும்.

பழைய எஸ்எல்ஆர் (லென்ஸ் பார்ப்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியே காட்டும் கேமரா) இதைவிட மலிவாகக் கிடைக்குமே, எளிதாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. க்ளோசப், டெலி லென்ஸ் என்று போகிறவர்கள் எஸ்எல்ஆர் வாங்குவதுதான் சரி. ரேஞ்ச்ஃபைண்டரில் முக்கால் மீட்டர், ஒரு மீட்டருக்குள் நெருங்க முடியாது. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், படம்தான் விழாது.

ஆனால் அந்த வியூஃபைண்டருக்காகத்தான் நான் இதைச் சொல்கிறேன். நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனியாக ஒரு ஜன்னல் வழியாக. பக்கத்தில் இன்னொரு சின்ன ஜன்னல். அதிலிருந்து வரும் பிம்பம் நடுவில் ஒரு மஞ்சள் திட்டாக விழும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டு பிம்பமும் நெருங்கி ஒன்றாகிவிட்டால் ஃபோகஸ் முடிந்தது. எஸ்எல்ஆரில் இருப்பதுபோல் மேலே எழும்பும் கண்ணாடி இல்லை. அதனால் ஷட்டர் விழும் நொடியிலும் எதிரே இருப்பவர் முகம் மறைவதில்லை. சட்டகத்துக்கு வெளியே யார் நடந்து வருகிறார் என்பதும் தெரியும். பின்புறத் திரையில் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது பெரிய விடுதலை. எடுத்த படத்தை உடனே குனிந்து பார்க்க வழியில்லை, அடுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். சத்தமும் குறைவு. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தபோது அவர் ஊர் ஊராகச் சுமந்து திரிந்த கருவி இந்த வகைதான். அவருடையது லெய்கா. நமக்குத் தேவை அந்தப் பார்வை முறை, அந்தப் பெயர் பொறித்த மேல்தகடு அல்ல.

விலை குறைவு என்றதும் எல்லோரும் காட்டுவது யாஷிகா எலக்ட்ரோ 35. 1966-இல் வந்தது, 45 எம்எம் எஃப்/1.7 லென்ஸ், அருமையான கண்ணாடி. ஆனாலும் நான் சிபாரிசு செய்வதில்லை. அபெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) மட்டும் நீங்கள் வைக்கலாம், வேகத்தை அதுவே முடிவு செய்யும். என்ன வேகம் என்பதைக்கூடச் சொல்லாது, சிவப்பு, மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். பேட்டரி இல்லாவிட்டால் ஒரே வேகம்தான். அதற்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடையாது, அடாப்டர் போட்டு 6 வோல்ட் பேட்டரியில் ஓட்டவேண்டும். டிஜிட்டலில் இத்தனை காலம் ‘ஏ’ மோடில் வைத்து எடுத்தவர், ஐம்பது வருஷப் பழைய மின்சுற்றை நம்பி அதையே ஏன் தொடர வேண்டும்?

கேனனெட் ஜி-III 1972-இல் வந்தது. 40 எம்எம் எஃப்/1.7, கையடக்கம். இதற்கும் பாதரச பேட்டரிதான் வைத்தார்கள், ஆனால் அது வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரியைச் சின்ன வளையத்தோடு வைத்தால் வேலை செய்யும். ‘ஏ’ என்ற தானியங்கி நிலையிலிருந்து அபெர்ச்சர் வளையத்தை நகர்த்தினால் மீட்டர் நின்றுவிடும், கேமரா நிற்காது. இதைக் குறை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் வாங்கக் காரணம். வெயிலை நாமே படிக்கலாம்: நல்ல வெயிலில் எஃப்/16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருக்கமாக. 200 ஃபிலிம் என்றால் 1/250. சந்தேகம் வந்தால் போனில் மீட்டர் செயலி இருக்கிறது.

சோவியத் கேமராக்களும் மலிவுதான். ஸோர்க்கி-4, ஃபெட்-2 இரண்டிலும் லென்ஸ் மாற்றலாம், பேட்டரியே கிடையாது. ஸோர்க்கியில் ஃபிலிமை நகர்த்திய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளே கெட்டுப்போகும். துணித்திரை ஷட்டர் என்பதால் மூடி இல்லாத லென்ஸைச் சூரியனைப் பார்க்க வைத்தால் துணியில் ஓட்டை விழும். நம் ஊர் வெயிலில் கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவர் இதை மறக்கக்கூடாது. பொன்முலாம் பூசி, கழுகு முத்திரையோடு யாராவது “போர்க்கால லெய்கா” விற்றால் ஒதுங்கிவிடுங்கள். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவை இதே ஃபெட், ஸோர்க்கிகளின் மறுவேஷம்.

மாடலைவிட அந்தக் குறிப்பிட்ட கேமராவின் நிலைதான் முக்கியம். மணப்பெண்ணைப் பார்ப்பதுபோல் முகப்பளபளப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். முதலில் மஞ்சள் திட்டு. வெளிறிப்போயிருந்தால் வேண்டவே வேண்டாம், லென்ஸ் எவ்வளவு நன்றாயிருந்தாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. தூரத்துக் கோபுரத்தையோ டவரையோ பார்த்து லென்ஸை முடிவிலியில் வையுங்கள், இரண்டு பிம்பமும் சரியாக ஒட்ட வேண்டும். பிறகு பின்மூடியைத் திறந்து மெதுவான வேகங்களில் ஷட்டரை அழுத்துங்கள். ஷட்டர் இதழ்களில் எண்ணெய் ஏறி ஒட்டிக்கொள்வது கேனனெட்டின் வாடிக்கை நோய். லென்ஸில் டார்ச் அடித்து ஃபங்கஸ் (பூஞ்சை) இருக்கிறதா பாருங்கள், கடலோர ஊர்களில் இருந்த கேமரா என்றால் இரண்டு முறை பாருங்கள். வெளிச்சம் புகாமல் தடுக்கும் பின்மூடி ஓரப் பஞ்சு கூழாகியிருந்தால் பயப்பட வேண்டாம், வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

ஃபிலிம்தான் உண்மையான செலவு. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ரோல் போட்ட காலம் போய்விட்டது. இப்போது வாங்குவது இறக்குமதிச் சரக்கு. அதனுடன் டெவலப், ஸ்கேன் கூலி. 36 படத்துக்கு இவ்வளவா என்று மலைக்கத்தான் செய்யும். ஆகவேதான் கேமராவுக்கு அதிகம் கொட்டாதீர்கள் என்கிறேன். கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொண்டால் பாதிச் சுமை இறங்கும், கோடையில் கரைசலை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் மட்டும் தயாராக இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள்: கேனனெட்டின் உச்ச வேகம் 1/500. 400 ஃபிலிமைப் போட்டு நம் மதிய வெயிலில் இறங்கினால் எஃப்/16-ஐ விட்டு நகர முடியாது, எஃப்/1.7 லென்ஸ் இருந்தும் பயனில்லை. பகலுக்கு 100 அல்லது 200 போடுங்கள். 400-ஐ மாலைக்கும் வீட்டுக்குள் எடுப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.