சாமைக்கு உமி நீக்குவது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் ஒரு தற்சார்புக் குடும்பம் வந்துவிடுகிறது. ஐடி வேலையை விட்டவர், மண் வீடு, நாட்டு மாடு, கூடை நிறையக் கத்தரிக்காய். "உப்பு மட்டும்தான் கடையில வாங்குறோம்" என்கிறார். அரை மணி நேரத்தில் நிகழ்ச்சி முடிகிறது. மண்ணோடு வாழும் அந்த வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் அதைக் காட்டுகிற விதத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது.

சாமைச் சோறு அடுப்பில் கொதிப்பதைக் காட்டுகிறார்கள். சாமை எப்படி அரிசியாகிறது என்பதைக் காட்டுவதில்லை. கதிரை அடித்துத் தூற்றி எடுத்தாலும் மணியின் மேல் கெட்டி உமி இருக்கும். உரலில் போட்டு இடிக்க வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், உமி போகாததைப் பொறுக்கி மறுபடியும் உரலில் போட வேண்டும். ஓங்கி இடித்தால் நொறுங்கிக் குருணையாகிவிடும். அப்புறம் கல் அரிக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இவ்வளவு வேலை. காலம் காலமாக இதைச் செய்தவர்கள் பெண்கள்.

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல) தலைமுறை தலைமுறையாகச் சாமை, கேழ்வரகு, தினை விதைத்துச் சாப்பிட்டவர்கள். இன்று அந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. கிழங்கை ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரிக்கு அனுப்பினால் கையில் காசு வரும். பள்ளிக்கூடம், மருந்து, பஸ் எல்லாவற்றுக்கும் காசுதானே வேண்டும்? இன்னொரு காரணம் இந்த இடிப்பு வேலை. ரேஷன் அரிசி வந்த பிறகு எந்தப் பெண் விடியற்காலையில் எழுந்து உலக்கை பிடிப்பார்? இதைப் புரிந்துகொண்டுதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுபோய் மகளிர் குழுக்களிடம் கொடுத்தது. சிறுதானியம் பிழைக்க வேண்டுமென்றால் முதலில் பெண்களின் தோள்வலி குறைய வேண்டியிருந்தது.

சரி, அந்த 'உப்பு மட்டும்' கணக்குக்கு வருவோம். மோட்டார் ஓடுவது அரசு தரும் இலவச மின்சாரத்தில். போர்வெல்லுக்கும் வேலிக்கும் போட்ட பணம் பெரும்பாலும் பழைய சம்பளச் சேமிப்பு. களை எடுக்கக் கூலிக்கு ஆள் வருகிறார்கள், அவர்கள் முகம் திரையில் வருவதே இல்லை. எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். மாதம் 3 லிட்டர் என்றால் வருடத்துக்கு 90 கிலோ, அதுவும் தோலுரித்த பருப்பு. மயிலும் காட்டுப்பன்றியும் தின்றது போக மிஞ்சியதில் இவ்வளவு தேற வேண்டும்.

கடையில் வாங்குவதைக் குற்றமென்று சொல்லவில்லை. எந்தக் காலத்திலும் ஒரு குடும்பம் தனியாகத் தன் தேவை முழுவதையும் விளைவித்துக்கொண்டதில்லை. சங்க காலத்திலேயே உமணர்கள் ஊர் ஊராக உப்பு வண்டி ஓட்டிப்போய் நெல்லுக்கு மாற்றினார்கள். கலப்பைக்குக் கொல்லர், பானைக்குக் குயவர் என்று ஊரே சேர்ந்துதான் பிழைத்தது. அந்த ஊரிலும் களத்துமேட்டில் யாருக்கு எத்தனை மரக்கால் நெல் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. அந்தப் பழசு அப்படியே திரும்பி வர வேண்டுமென்று நான் கேட்கமாட்டேன்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வேலையை விட்டு வந்தவர் கேழ்வரகு விதைத்து, கீரை பறித்து, கோழி வளர்த்தால் அது தற்சார்பு. அதையே பிறந்ததிலிருந்து செய்துவரும் மலைக்கிராமத்துப் பாட்டிக்கு டிவி வைத்திருக்கும் பெயர் ஏழ்மை. அவரைப் பேட்டி எடுத்தால் ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று மட்டும்தான் கேட்கிறார்கள். எந்த மாதம் எந்தக் கீரை வரும், எந்த விதை மழை பொய்த்தாலும் முளைக்கும் என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. ரோடும் ஆஸ்பத்திரியும் அவருக்கு வேண்டும்தான். அந்த அறிவுக்குரிய மரியாதையும் வேண்டும்.

நிகழ்ச்சி எடுப்பவர்களே, ஒரே தோட்டத்துக்கு ஆடியில் ஒரு தடவை, களையெடுப்பில் ஒரு தடவை, அறுப்பில் ஒரு தடவை போங்கள். வரவு செலவு நோட்டைத் திரையில் காட்டுங்கள். களையெடுக்க வந்த அக்காவிடம் மைக்கைக் கொடுங்கள். கொல்லிமலைக்கும் சவ்வாதுமலைக்கும் ஏறிப்போய், சாமை போடுவதை ஏன் விட்டீர்கள் என்று அங்குள்ள பெண்களிடம் கேளுங்கள். இன்னும் விடாமல் போடுகிறவர்களிடம், என்ன இருந்தால் தொடர்ந்து போடுவீர்கள் என்று கேளுங்கள்.