முதல் கிளாஸ் ஓர் இலைக் கணக்காக இருக்கட்டும்

கோத்தகிரியில் வார இறுதிகளில் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒரே ‘பொருளாக’ (ஆப்ஜெக்ட்) சேர்த்து எழுதும் முறைக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்களில் பெரும்பாலோர் உறைபொதியாக்கம் (என்காப்சுலேஷன்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்), பல்லுருவாக்கம் (பாலிமார்பிசம்) என்று வரிசையாக ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் அத்தகைய பொருள்களுக்கு அச்சாக இருக்கும் ஒரு கிளாஸை எதற்காக எழுத வேண்டும், எழுதாவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள். இதில் அவர்கள் பிழை எதுவும் இல்லை. எனக்கும் முதல் நாளிலேயே கரும்பலகையில் ‘விலங்கு’ என்று எழுதி, அதன் கீழே நாயையும் பூனையையும் கோடு போட்டு இணைத்துத்தான் பாடம் நடத்தினார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் அதன்பின் நெடுநாள் வரை சொந்தமாக ஒரு கிளாஸ்கூட எழுத வரவில்லை.

தொடங்குபவருக்கு, ஒரு கிளாஸின் தன்மைகளை இன்னொரு கிளாஸ் பெற்றுக்கொள்ளும் மரபுரிமத்தைக் கடைசியில்தான் சொல்லித்தர வேண்டும், தன் தரவைத் தானே காத்துக்கொள்ளும் ஒரே ஒரு பொருளை எழுதுவதில்தான் அவர் கை முதலில் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு இந்த மலையில் பல வீடுகளில் நோட்டுப் புத்தகமாக இருக்கிறது. சிறு தேயிலை விவசாயி ஒருவர் எந்த நாளில் எத்தனை கிலோ பச்சைத் தேயிலை போட்டார், இடையில் எவ்வளவு முன்பணம் வாங்கினார், மாதக் கடைசியில் எடையை விலையால் பெருக்கி முன்பணத்தைக் கழித்தால் கைக்கு என்ன வரும் என்பதே அந்தக் கணக்கு. இதை முதலில் கிளாஸ் இல்லாமலே பைத்தான் நிரல்மொழியில் எழுதச் சொல்கிறேன். பெயர்களுக்கு ஒரு லிஸ்ட் (பட்டியல்), எடைகளுக்கு ஒரு லிஸ்ட், முன்பணத்துக்கு ஒரு லிஸ்ட் என்று எழுதுவார்கள், நன்றாகவே ஓடும். பிறகு பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தச் சொல்வேன். அந்த ஒரே வரியில் ஒருவர் வாங்கிய முன்பணம் இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்துவிடும், நிரலோ எந்தப் பிழையும் காட்டாமல் தவறான தொகையை அச்சிடும். அதைத் தாங்களே கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு, பெயரும் எடையும் முன்பணமும் ஏன் ஒரே பொருளுக்குள் சேர்ந்து இருக்க வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்து அவர்கள் தடுக்கி விழும் இடம் ‘செல்ஃப்’. பொருள் செய்யும் ஒரு செயலை எழுதும் பகுதிதான் மெத்தட்; ஒவ்வொரு மெத்தடிலும் முதல் அளபுருவாக (உள்ளீடாக) அது ஏன் வருகிறது என்று புரியாமலே மனப்பாடம் செய்திருப்பார்கள். நான் அதைத் தமிழின் ‘தன்’ என்று படிக்கச் சொல்கிறேன். தன் எடை, தன் முன்பணம், தன் பெயர். ‘இலை சேர்’ என்ற மெத்தட் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த விவசாயியின் பொருளிடம் அதைச் சொல்கிறோமோ, அந்தப் பொருள் தன் எடையில் மட்டும் கூட்டிக்கொள்ளும், பக்கத்துத் தோட்டக்காரரின் எடையைத் தொடாது. ‘அவன்’ என்றால் யார் என்று கேட்க வேண்டும், ‘தன்’ என்றால் அந்த வாக்கியத்தின் எழுவாயையே குறிக்கும் என்பது தமிழ் பேசும் பிள்ளைக்குப் பிறவியிலேயே தெரிந்த இலக்கணம். அந்த அறிவை வகுப்பறை பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மெத்தடை அழைப்பது என்றால் என்ன என்பதற்கு நம் நீலகிரி மலை ரயிலைக் காட்டுவேன். கல்லாற்றிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். எஞ்சின் ஊதல் கொடுக்கிறது, அவரவர் தம் பிரேக்கைத் தாமே இயக்குகிறார்கள். ஓட்டுநர் அங்கே வந்து கை வைப்பதில்லை. எடையை வெளியிலிருந்து நேரே மாற்றாமல் ‘இலை சேர்’ என்று பொருளிடமே சொல்வதும் இதுதான். பொருள்நோக்கு என்ற பெயரைத் தந்த கணினி அறிஞர் ஆலன் கே, பொருள்களைவிட அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளே முக்கியம் என்று பிற்காலத்தில் வலியுறுத்தியதை இந்த இடத்தில் சொன்னால் மாணவர்களுக்கு உடனே விளங்குகிறது.

மரபுரிமம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிறந்த கதையே அது எப்போது வர வேண்டும் என்பதைக் காட்டுகிறது. நார்வேயில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நீகோரும் 1960களில் உருவாக்கிய முதல் சிமுலா நிரல்மொழியில் மரபுரிமம் கிடையாது. பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்பதை நிரலாக எழுத முயன்றபோது, வண்டிகள் வேறுவேறாக இருந்தாலும் முன்னால் யார், பின்னால் யார் என்ற செய்தி எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதைக் கண்டார்கள்; அந்தத் தேவையிலிருந்து மரபுரிமம் அந்த மொழியின் அடுத்த வடிவமான சிமுலா 67-இல் வந்தது. கோத்தகிரிச் சாலையில் உள்ள குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியில் இ-பாஸுக்காக (நீலகிரிக்கான நுழைவு அனுமதி) நிற்கும் வண்டி வரிசையை என் மாணவர்கள் எழுதும்போது, காருக்கும் வேனுக்கும் ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த பிறகே நான் அதை அறிமுகப்படுத்துகிறேன்.

எந்த மொழியில் தொடங்குவது என்று பலரும் கேட்கிறார்கள். பைத்தான் போதும். ஜாவாவில் ஒரே ஒரு வரியை அச்சிடுவதற்கே வழக்கமாக ஒரு கிளாஸையும் புரியாத நான்கைந்து சொற்களையும் எழுத வேண்டியிருந்தது. தொடங்குபவர் அவற்றை மந்திரம்போல் உருப்போடுவதைத் தவிர வழியில்லாமல் இருந்தது.

இன்று தொடங்குகிறவர்கள் முதலில் ‘விவசாயி’ என்ற ஒரு கிளாஸை எழுதுங்கள். அதில் ‘இலை சேர்’, ‘முன்பணம் கொடு’, ‘மாதக் கணக்கு’ என்று மூன்று மெத்தடுகள் மட்டும் இருக்கட்டும். பூஜ்யத்துக்குக் கீழான எடை வந்தால் ‘இலை சேர்’ அதை மறுக்கட்டும். எல்லாம் ஓடிய பிறகு, மழை நாளில் வரும் ஈர இலைக்கு எடையில் ஒரு பங்கு கழிக்க வேண்டும் என்ற புதிய விதியைச் சேருங்கள். மூன்று லிஸ்ட் வைத்து எழுதிய பழைய நிரலில் எத்தனை இடத்தில் திருத்த வேண்டியிருக்கிறது, புதியதில் எத்தனை இடத்தில் என்று எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். உங்கள் நிரலையும் இணைத்தால் படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.